பிள்ளைகளைப் பிடித்த கை

போன வாரம் பேத்திக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கக் குரோம்பேட்டைக்குப் போயிருந்தோம். ஊஞ்சலிலிருந்து விழுந்து தலையில் அடி. ஸ்கேன் எடுக்கும் பெண், "வேற எங்கயாவது எடுத்திருக்கீங்களா சார்? இருந்தா டாக்டர் அதையே பார்ப்பாரு, திரும்ப வேணாம்" என்று கேட்டாள். இல்லை என்றோம். குழந்தைக்குத் தகுந்தபடி கதிர்வீச்சைக் குறைத்து வைத்திருப்பதாகச் சொல்லி, பேத்தியை மெத்தென்ற பட்டைகளால் அணைத்துக் கட்டிவிட்டு வெளியே வந்தாள். கனத்த கதவு மூடிக்கொண்டது. உள்ளே பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் இல்லை. நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் உன் நினைப்பு.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் எக்ஸ்ரே டெக்னீஷியன்களாகச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். இருமிக்கொண்டு வரும் பிள்ளைகள்தான் நம் அறையில் அதிகம். திமிறும் குழந்தையின் படம் கலங்கிப்போகும். மறுபடி எடுக்க வேண்டிவரும். அதனால் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் கதிர் படாத ஈய மறைப்புக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்த வேண்டும். மாற்றி மாற்றிச் செய்வதென்றுதான் பேசியிருந்தோம். ஈயக் கையுறை போட்டால் பிள்ளை வழுக்குகிறது என்று நீ வெறுங்கையாலேயே பிடிப்பாய்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, "இனிமே நீ உள்ள வராதடா. எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கல, நான் பிடிக்கிறேன்" என்று சிரித்தாய். கொஞ்ச நாளைக்குத்தானே என்று ஒதுங்கினேன். பிறகு என் மனைவி உண்டானாள். "அப்பா ஆகப்போறவன், அந்தப் பக்கம் நில்லு" என்றாய். அதுவே வழக்கமாகிவிட்டது. குழந்தை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடமும் போயிற்று. நீ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவாய். நான் பொத்தானை அழுத்துவேன்.

உன் நகங்கள் கறுத்தன. விரல்களில் தோல் வெடித்தது. கேட்டதற்கு, "படம் கழுவுற மருந்து ஒத்துக்கல மச்சான்" என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

வலது ஆள்காட்டி விரலில் வந்த புண் ஆறவே இல்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று விரலை எடுத்தார்கள். இத்தனை வருஷமாகக் கையில் வாங்கிய கதிர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

நீ லீவில் இருந்தபோது ஒரு பையனை நான் பிடிக்க வேண்டிவந்தது. அவனுடைய சின்ன விலா எலும்புகள் என் விரல்களுக்கடியில் துடித்தன. இயந்திரம் உறுமியபோது கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. அன்று சாயங்காலமே அஸ்தினாபுரத்துத் தச்சரிடம் போனேன். பிள்ளையை நிற்க வைத்துத் துணிப் பட்டையால் கட்டுகிற மாதிரி ஒரு பலகை செய்யச் சொன்னேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலகை, பட்டை, நாலு கொக்கி. உன் கை உள்ளே இருந்த அத்தனை வருஷமும் தோன்றாதது, என் கை மறுபடி ஒரே ஒரு நாள் உள்ளே போனதும் தோன்றிவிட்டது.

நீ திரும்பி வந்த அன்று, கோவளத்திலிருந்து ஒரு மீன்காரம்மா பிள்ளையோடு வந்திருந்தாள். "இன்னா சார், புள்ளைய இப்படிக் கட்டி வெக்கிறீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். "உன் புள்ள ஆடாம இருந்தா ஒரே படத்துல முடிஞ்சிடும்மா. ரெண்டாவது தடவ அவன் மேல கதிர் படாது" என்று நீதான் சமாதானம் சொன்னாய். ஒரே படம். தெளிவாக விழுந்தது. நாம் இருவரும் சேர்ந்து மறைப்புக்குப் பின்னால் நின்றது அன்றுதான் முதல் தடவை.

"நல்லாருக்குடா. எப்பத் தோணுச்சு?" என்று கேட்டாய்.

"நான் பிடிச்ச அன்னிக்கு" என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை.

பலகையின் பட்டையை இழுத்துப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "அப்பவே உன்னைப் பிடிக்க விட்டிருக்கணும் மச்சான்."

அடுத்த சில வருஷங்களில் அந்தப் புற்று பரவி அக்குளில் கட்டி வந்து, எழுபதுகள் முடிவதற்குள் நீ போய்விட்டாய். ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைக்கூட விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அது இன்றுவரை விளையாட்டாகக் கேட்கவில்லை.