நான் மொட்டையடித்த திராட்சைக்கொடி

19 ஒக்ரோபர் 1996, சனி

இன்று ஒரு திராட்சைக்கொடியைக் கொன்றுவிட்டேன் போலிருக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து சுற்றுலாப் பஸ்ஸில் நயாகரா ஏரிக்கரைக்குப் போய், சக்கரவர்த்தி தோரணையில் மூன்று தோட்டங்களின் வைனை ருசி பார்த்தேன். கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். துப்பவா அவ்வளவு தூரம் போனேன்? நான்காவது தோட்டத்தில் தங்கச்சியின் மகள் சுபா வேலை செய்கிறாள். அவளுடைய வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை சொல்வார்கள்.

ஊரில் என் பந்தலில் ஒரு குலையைத் தூக்க இரண்டு யானை வேண்டும் என்று அவளுக்கு அளந்தேன். அவள் உள்ளே போன நேரம், பழம் பறித்து முடிந்த கொடி ஒன்றை, அங்கே கிடந்த கத்தரியால் ஊர் முறைப்படி மொட்டையடித்தேன்.

வந்தவள் தலையில் கைவைத்தாள். "ஐயோ மாமா! என்ன வேலை பாத்தனீங்கள்?"

"பயப்பிடாதை பிள்ளை. மூண்டு மாசத்தில பந்தல் முறியக் காய்க்கும்."

"மூண்டு மாசத்தில இஞ்ச ஸ்னோ மாமா! குளிர் முடியேக்கைதான் வெட்டுறவை. இப்ப வெட்டினா செத்துப்போம்."

முதலாளி வந்து, யார் வெட்டியது என்று கேட்டார். "நான்தான்" என்றாள் சுபா. அவர் குனிந்து கொடியைத் தடவிப் பார்த்தார். பஸ் ஹோர்ன் அடித்தது. ஆயிரம் புளுகு புளுகின வாயை மூடிக்கொண்டு போய் ஏறினேன்.

இரவு ரொறன்ரோ வந்து, சுபாவோடு கதைக்க இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். தங்கச்சிக்குத் தெரிந்தால்... அது வேறு. ஜன்னல் கண்ணாடி ஐஸாகக் குளிர்கிறது. அங்கே அந்த மொட்டைக்கொடிக்கும் இப்படித்தானே குளிரும்.

காலையில் முதல் பஸ்ஸில் திரும்பிப் போய், வெட்டியது நான் என்று அந்த மனிதரிடம் சொல்லவேண்டும். ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லவேண்டும். அது எனக்கு வருமா தெரியவில்லை.