அவர் வளரவிட்ட மான்

விஸ்கான்சின், நவம்பர்

அன்பு மகளுக்கு,

அன்று வேட்டைக் குடிசையில் இருந்தது உன் அப்பா, அவர் தம்பி வெர்லின், நான். வேறு யார் வந்து தானும் இருந்ததாகச் சொன்னாலும் நம்பாதே.

மூன்று வருஷமாக அப்பா சுடாமல் வளரவிட்ட அந்த ஆண்மான் வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்தவர் இறக்கிவிட்டார்.

“இன்னும் முத்தல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெர்லின் சிரித்தான். “அதுக்கு வயசு இருக்கு. உனக்கு இருக்கா அண்ணே? இப்பவே போடு.”

“அவரு இருப்பாரு. நீ வாய மூடு” என்றேன். என் குரல் நடுங்கியது அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி மானைச் சுட்டார்.

ஃப்ரீசர் நிறைய இறைச்சி இருக்கிறது. அவர் தொடவே இல்லை. சாப்பாடே குறைந்துவிட்டது. டாக்டர் சொன்னதை நான் எழுதமாட்டேன். கிறிஸ்துமஸ் வரட்டும் என்றிருக்காமல் பிள்ளைகளோடு இந்த வாரமே புறப்படு.

சித்தப்பா வீட்டில் தங்கலாம் என்று மட்டும் நினைக்காதே. எனக்குப் பிடிக்காதவர்கள் பலர் உண்டு, உனக்கே தெரியும். அவர்களையெல்லாம் நான் சாவதற்குள் மன்னித்தாலும் மன்னிப்பேன், வெர்லினை மாட்டேன்.

உன் அம்மா