ஸ்கேனருக்குள் பிந்திய பம்ப்

அன்பின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் உம்மாவுக்கும் அல்லாஹ் சுகத்தைத் தரட்டும். உம்மாவின் முழங்கால் எப்படி? ஒஸ்லோவில் நான் நல்ல சுகம்.

போன கிழமை எங்கள் பேராசிரியர் இங்கிரிட் என்னையே ஸ்கேனருக்குள் படுக்கவைத்தார். பயப்பட வேண்டாம், வருத்தம் ஒன்றுமில்லை. பாட்டுக் கேட்கும்போது அடுத்த தாளத்தை மூளை முன்கூட்டியே எதிர்பார்க்கிறதாம். அதைத்தான் அவர் இருபது வருடமாக ஆராய்கிறார். தாளம் பிந்தினால் நான் பொத்தானை அழுத்த வேண்டும். பாட்டு சரியாக ஓடிய ஐந்து இடங்களில் அழுத்திவிட்டு வெட்கப்பட்டுப் போனேன்.

“பாட்டில்லை, ஸ்கேனரைக் குளிராக்கும் பம்ப்பின் அடிதான் பிந்தியது” என்றேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவரோ ஆள் கூப்பிட்டுப் பார்த்தார். பம்ப் உண்மையிலேயே பழுது! “இப்படிக் கேட்க எங்கே பழகினாய்?” என்று நோட்டை விரித்து, மாணவி மாதிரி என் முன்னால் உட்கார்ந்தார்.

நம் பின்வளவில் நீங்கள் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை போட் எஞ்சினிலும் பிடியை வலது காதிலும் வைத்து, “மூணாவது அடி பிந்துது புள்ள” என்பதைச் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தி, “அந்தக் காது இப்போது எப்படி?” என்றார். நீங்கள் ஃபோனை இடது காதில்தான் வைக்கிறீர்களாம், உம்மா சொன்னா. டொக்டரிடம் காட்டுங்கள் வாப்பா.

ஒரு எஞ்சின் சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கள், பேராசிரியர் கேட்கிறார். எஞ்சின் நின்றதும் ஃபோனை நிறுத்த வேண்டாம். நீங்கள் உம்மாவிடம் தேத்தண்ணி கேட்பதும் அதில் வரட்டும். அந்தத் துண்டை மட்டும் அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்
ஹுஸ்னியா