ஊதாவுக்கு அப்பால் இரண்டு விரல்

ஜூன் 3, செவ்வாய்

வலக்கண்ணில் புரையோடு லென்ஸையும் எடுத்துவிட்டார்கள். மாற்று லென்ஸ் பொருந்தவில்லை, தடிமனான கண்ணாடிதான். அதைக் கழற்றிவிட்டுச் சந்தையில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் விளக்கைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு மங்கல் ஊதா. எனக்குக் கண் கூசுகிற வெளிச்சம்!

ஜூன் 4

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லாமல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கணக்கு வாத்தியார் செவேரோ, "ஊதாவுக்கு அப்புறம் என்ன டீச்சர் தெரியுது, சொர்க்கமா?" என்றார். தலைமையாசிரியர் இலாரியோன் சிரிக்கவில்லை. "இல்லாததைப் பார்க்கறவங்ககிட்ட எப்படிம்மா பாடம் விடறது? வெள்ளிக்கிழமைக்குள்ள நிரூபிங்க. இல்லேன்னா இயற்பியல் செவேரோவுக்கு."

இருபத்திரண்டு வருஷம்! இந்தப் போட்டோசி மலையூரில் பாதிப் பேருக்கு ஒளியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கே பைத்தியக்காரப் பட்டமா? விடமாட்டேன்.

ரேடியோ அலை முதல் எக்ஸ் கதிர், காமா கதிர் வரை நீண்ட வரிசை. அதில் நமக்குத் தெரிவது ஒரு கீற்று. புற ஊதாவைத் தடுத்து நிறுத்துவது கண் லென்ஸ். எனக்குத்தான் அது இல்லையே.

ஜூன் 5

மேகம். நாள் வீண்.

ஜூன் 6, வெள்ளி

நல்ல வெயில், எலும்பை உறைய வைக்கும் குளிர். ஊதாச் சோளக் கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். ஜன்னலைக் கம்பளியால் மூடி, ஒரு கீறல் வழியே வந்த வெயிலைப் பட்டகத்தில் விட்டேன். மண்சுவரில் ஏழு நிறம். ஊதா முடிகிற இடத்தில் இலாரியோனும் செவேரோவும் ஆளுக்கொரு கோடு போட்டார்கள். கிட்டத்தட்ட ஒரே இடம்தான். நான் கண்ணாடியைக் கழற்றி, இடக்கண்ணை மூடி, எனக்கு வெளிச்சம் முடிந்த இடத்தில், இரண்டு விரல் தள்ளி, என் கோட்டைப் போட்டேன்.

"அங்க இருட்டுதானே இருக்கு!" என்றார் இலாரியோன்.

"செவேரோ சார், உங்க கையை அங்க வைங்க."

"என் கை எதுக்கு?"

"என் மேலங்கின்னா, ஏதோ தடவிட்டேன்னு சொல்வீங்க."

வெள்ளை மேலங்கியோடு கையை நீட்டினார். சலவைப் பொடி போட்டுத் துவைத்த துணி, புற ஊதா பட்டால் சும்மா இருக்குமா? இருட்டில் நீலமாய் ஒளிர்ந்தது. சரியாக என் கோடு வரைக்கும்.

"அடக் கடவுளே" என்றார் செவேரோ. தலைமையாசிரியர் தன் மேலங்கிக் கையையும் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

முதல் பாடவேளை இயற்பியல், எனக்குத்தான். சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். அந்த மூன்று கோடுகள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாராம் இலாரியோன்.

முதல் இரண்டு கோடுகளுக்குக் கீழே, "மற்றவர்களுக்கு இது வரைக்கும்". என்னுடையதற்குக் கீழே, செவேரோவின் கோணல் எழுத்தில், "ஸூல்மா டீச்சருக்கு இது வரைக்கும்".