பை மாட்டாமல் வாங்கிய புளோயர்

அன்பு மகள் ஜெனிக்கு, சுண்ணாம்புக்குளத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதா தயவில் நானும் உன் நைனாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பி பிராங்க்ளினும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ பேசுகிற ராத்திரி நேரத்தில் அவன் பக்கத்திலேயே நிற்கிறான், அதனால்தான் இந்தக் கடுதாசி.

அவன் வேலை பார்க்கிற கிளிஞ்சல் அரைக்கும் மில்லில், தூசியை இழுத்துத் துணிப் பைகளுக்குள் தள்ளுகிற புளோயர் எரிந்துபோனது இல்லையா, புதுசு வாங்க முதலாளி துளசிங்கம் இவனைத்தான் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடையில் ஓடவிட்டு அதன் வாய்க்கு நேரே கையை நீட்டிப் பார்த்தானாம், கட்டியிருந்த லுங்கியே பறந்ததாம், "இன்னா காத்து முதலாளி, இதையே எடுத்துக்கலாம்"னு சொல்லிவிட்டான். படகு ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை, காற்றைக் கையால்தானே அளப்பான். பையை மாட்டினால் எவ்வளவு தள்ளும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. புளோயர் செய்கிற கம்பெனியில் அக்கா நீ இருக்கிறாயே, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா, இல்லை. மில்லில் மாட்டியதும் பையில் தூசி படியப் படிய அது முக்க ஆரம்பித்தது, அந்தச் சத்தம் நம் வீடு வரை கேட்டது, தூசியெல்லாம் மில்லுக்குள்ளேயே நின்றது. அதற்கு இவன் செய்த வேலையைக் கேள். வலையில் சொறிமீன் நிறைந்து இழுக்க முடியாமல் போனால் உன் நைனா வலையின் அடிமடியை அவிழ்த்து எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவார் இல்லையா, அதே மாதிரி பைகளின் அடிக்கயிற்றை அவிழ்த்துவிட்டான். இப்போது புளோயர் சுகமாக ஓடுகிறது, தூசிதான் பையில் நிற்காமல் வெளியே கொட்டுகிறது. துளசிங்கம் முதுகில் தட்டிக்கொடுத்து, பை தொங்குகிற கொட்டகைக்கு இவனையே பொறுப்பாகப் போட்டுவிட்டார்.

நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறான். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற வேலமரம் வெளுத்துப்போனது, அதன் நிழலில் படுக்கிற நாய்கள் இப்போது வருவதே இல்லை. வீட்டுக்கு வந்தால் புருவம் வரை வெள்ளை. திட்டினால் "மூக்குல துணி கட்டிக்கினுதான் நிக்கிறேன், சும்மா இரும்மா" என்கிறான். உன் நைனாவோ எல்லாம் பழகிடும்னு சொல்கிறார். மாதக் கடைசியில் இரண்டாவது மிஷினுக்கும் அதே புளோயரை வாங்கப் போகிறார்களாம்.

நீ நேரே துளசிங்கத்துக்குப் போன் போடு. பையில் தூசி அடைந்த பிறகும் தள்ளுகிற புளோயர் எது என்று பார்த்துச் சொல், இருக்கிறதையும் மாற்றச் சொல். தம்பி தப்புப் பண்ணினான் என்று மட்டும் சொல்லிவிடாதே, ரோஷக்காரன், வேலையை விட்டு ஓடிவிடுவான் என்று நேற்று வரை பயந்தேன். இன்று, ஓடினாலும் நல்லதுதான் என்று தோன்றுகிறது. மத்தியானம் மீன் அரிந்துகொண்டிருந்தேன், பை மாட்டின அன்றைக்குக் கேட்ட அதே முக்கல் சத்தம் கேட்டது. இன்று ஞாயிறு, மில் கிடையாது. உள்ளே போய்ப் பார்த்தேன், உன் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

மாதா உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும். மாதக் கடைசிக்கு முன்னால் பேசிவிடு, மறக்காதே கண்ணு.

உன் அம்மா,
ஜெசிந்தா