பெரட்டு நாளைக்குத்தான்

இன்று மதியம் ஆசிரியர் அறையில் யாரோ போனில் மல்யுத்தம் ஓடவிட்டார்கள். நீயும் நானும் பார்த்துப் பழகிய அதே பிடி: ஒருவனைத் தலைகீழாகத் தூக்கி, தலையைத் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, அப்படியே தொப்பென்று உட்காருவது. கீழே போனவனுக்குக் கைகால் அசையவில்லை. கழுத்துக்குப் பட்டை போட்டுத் தூக்கிப் போனார்கள். மெதுவாக ஓட்டிக் காட்டியபோது கவனித்தேன். அவன் தலை, தூக்கியவனின் தொடைக்குக் கீழே அரைச் சாண் தொங்கிக்கொண்டிருந்தது.

மச்சான், போன வருடம் நீ செத்தபோதுகூட உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன்.

முப்பது வருடத்துக்கு முன், டயகமயில் நம் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா. கார் பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்த்ததை மேடையேற்ற வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நான்கு கம்பு, கயிறு, மானாப்புல் அடைத்த உரச் சாக்குகள். ஜெயிப்பது நீ, தோற்பது நான். ஆனால் என் தோல்வி பிரமாதமாக இருக்க வேண்டும். செத்தவன்போலக் கிடந்து, சனம் அழத் தொடங்கும்போது எழுவதாகத் திட்டம்.

நீ என்னைத் தலைகீழாகத் தூக்கியதும் கூட்டம் கொதித்தது. "பெரட்டு! பெரட்டுடா அவன!" நீ அசையவில்லை. உன் கால் பெருவிரலைப் பார்த்தபடி, "போடுடா" என்று நானே பல்லைக் கடித்தேன். நீயோ கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாய்:

"பெரட்டா? அது நாளைக்கு வெள்ளனதாங்க. கண்டாக்கையா பேர் கூப்புடுவாரு. இன்னைக்கு லீவுங்க!"

தினமும் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டைச் சொல்கிறாய் என்று புரிந்ததும் மலையே சிரித்தது. முன்வரிசையில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்குத் தொப்பி கழன்று விழுந்தது. "லீவுன்னா எறக்கி விடுடா அந்தப் புள்ளைய!" என்றாள் ஒரு கிழவி. நிறைந்த கொழுந்துக் கூடையை வைப்பதுபோல என்னை நிமிர்த்தி வைத்தாய்.

அன்றிலிருந்து நான் பெரட்டு. பட்டம் வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வந்த பிறகும் பெரட்டு சேர்.

அன்று சாயங்காலமே, தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா என் மானத்த வாங்குன?"

"ஒன் தல வழுக்கி எறங்கிருச்சுடா. நான் ஒக்காந்திருந்தா மொதல்ல ஒன் மண்டதான் குத்தியிருக்கும். கழுத்து போயிருக்கும்."

"அதான் சாக்கு இருந்துச்சுல்ல?"

"புல்லு அமுங்கி அப்பளமா கெடந்துச்சு. நீ பாத்தியா?"

"பொய். ஒனக்குத் தூக்கத் தெம்பில்ல."

"சரிடா, தெம்பில்லதான்," என்று சிரித்தாய்.

முப்பது வருடமாக அந்தக் கடைசிப் பேச்சை மட்டுமே நம்பினேன். ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன். உன் காதுக்கும் வந்திருக்கும். நீ ஒருநாளும் மறுத்ததில்லை.

நான் மன்னிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வர வேண்டிய பள்ளி அதிபர் பதவியைத் தட்டிப் பறித்தவன் அதில் முதல் ஆள். நான் சாகும்வரை அந்தப் பட்டியலிலேயே இருப்பான். உன்னை மட்டும் இன்று இறக்கி விட்டுவிட்டேன்.

போனில் காட்சி முடிந்ததும் என் கை தானாகப் பிடரிக்குப் போனது. இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன சேர், கழுத்துப் புடிச்சிருக்கா?" என்றார் பக்கத்திலிருந்த ஆசிரியை.

"இல்லீங்க டீச்சர், நல்லாத் திரும்புது!" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.