மண்ணுளிக்கு ஊற்றிய பால்

5 ஆகஸ்ட் 2011, வெள்ளி

ஆடி வெள்ளி. எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக வந்திருந்தார்கள். ஊர்வன பாடம். வருஷா வருஷம் நான் சொல்லும் அதே வசனம்: பாம்பு பால் குடிக்காது, ஊற்றினால் அதற்குக் கெடுதல்தான். பவானி எழுந்து, "மிஸ், எங்கம்மா புத்துகிட்ட கிண்ணத்துல வச்சாங்க மிஸ். காலைல பாத்தா காலியா இருந்துச்சு" என்றாள். "உங்க தெருப் பூனைக்கு நல்ல யோகம்" என்றேன். வகுப்பே சிரித்தது. பவானியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

நல்ல பதில்தான். பஸ்ஸில் வரும்போதுகூட நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

21 ஆகஸ்ட்

எதிர்மனையில் கடைக்கால் தோண்டுகிறவர்கள் ஒரு மண்ணுளிப் பாம்பை மண்வெட்டியோடு துரத்தினார்கள். அதற்கு இரண்டு தலை என்று ஒருவன். நக்கினால் குஷ்டம் வரும் என்று இன்னொருவன். வால் மழுங்கலாக இருப்பதால் தலை மாதிரித் தெரிகிறது, விஷமே கிடையாது என்று நடு வெயிலில் நின்று பாடம் எடுத்துவிட்டு, சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முதுகில் ஒரு வெட்டுக் கீறல். ஆறியதும் வனத்துறையில் கொடுத்துவிட வேண்டும்.

செம்பியன் வாசலிலேயே நின்றுவிட்டார். "இத வூட்டுல வச்சிக்கிட்டு நான் எப்புடிடி தூங்குறது?" என் புருஷன் என்னிடம் பயந்து பேசி இன்றுதான் பார்க்கிறேன்.

பழைய மீன் தொட்டியில் மணல் நிரப்பி விட்டிருக்கிறேன்.

2 அக்டோபர்

கீறல் ஆறி ரொம்ப நாளாகிறது. கொடுக்க மனசு வரவில்லை. சட்டப்படி தப்பு, தெரியும். பெயர்கூட வைத்தாயிற்று: மண்ணு.

வீட்டு வேலைக்கு வரும் முத்தம்மாள்தான் அவ்வப்போது தன் வீட்டுப் பொறியில் விழுந்த சுண்டெலியைக் கொண்டுவருகிறாள். தொட்டிப் பக்கம் பெருக்கும்போது மட்டும் கையை முந்தானையால் மூடிக்கொள்கிறாள், நக்கிவிடுமாம். யாரிடமும் சொல்லாதே என்றேன். "நான் ஏம்மா சொல்லப்போறேன், அது சாமியில்ல?" என்றாள்.

20 நவம்பர்

மழை விடவில்லை. தொட்டிக்கு மேலே ஒரு பல்பு கட்டியிருக்கிறேன். பாம்புக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. வெளிச் சூடு இருந்தால்தான் தின்றது செரிக்கும். மண்ணு பல்புக்கு நேர் கீழே சுகமாகக் கிடக்கிறது. "எனக்கு ஒருநாளு இப்புடி வெந்நி போட்டுக் குடுத்திருப்பியா?" — செம்பியன்.

28 டிசம்பர்

கொழுத்த எலி ஒன்று. முழுசாக விழுங்கிவிட்டது. நடு உடம்பு புடைத்துக்கொண்டிருக்கிறது.

30 டிசம்பர்

புயல். கடலூரில் ஒரு மரம் நிற்கவில்லை. கரன்ட் கம்பங்கள் ரோட்டில் கிடக்கின்றன.

2 ஜனவரி 2012

எலியைக் கக்கிவிட்டது. பாதி அழுகி, அப்படியே. என்ன நாற்றம்!

பல்பு இல்லை, சூடு இல்லை, செரிக்கவில்லை. கக்கினால் இரண்டு வாரமாவது வயிற்றைச் சும்மா விட வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

4 ஜனவரி

விடவில்லை. முத்தம்மாள் கொண்டுவந்த குஞ்செலியை வைத்தேன். விழுங்கியது. எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

6 ஜனவரி

அதையும் கக்கிவிட்டது. தெரிந்தே செய்தேன். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

9 ஜனவரி

எழுதவே கை கூசுகிறது.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. மண்ணுவைக் கையில் எடுத்தால் எடையே இல்லை, வெறும் சுருக்குப் பை. ஏதாவது உள்ளே போனால் போதும் என்று தோன்றியது. எலி செரிக்காது, தண்ணீரில் சத்து இல்லை, அப்புறம் என்னதான் இருக்கு? ஊரில் டீக்குக்கூடப் பால் கிடைக்காத வாரம். செம்பியன் அலைந்து வாங்கி வந்ததில் கொஞ்சம் இருந்தது. வெதுவெதுப்பாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.

நான்! பாம்புக்குப் பால்!

பாதி மூக்கு வழியாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினேன். ஏன்டி இப்படிப் பண்ணின? பவானி முகம் வேறு கண் முன்னாடி வந்து நிற்கிறது.

11 ஜனவரி

மூச்சு விடும்போது கொரகொரவென்று சத்தம். பயந்துபோய், துணிப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் முந்திரித் தோப்புகள் படுத்துக் கிடக்கின்றன. பக்கத்து சீட் அம்மாள் பையில் என்ன என்று கேட்டார். கருவாடு என்றேன்.

செம்பியனின் சிநேகிதர் கலியமூர்த்தி, கால்நடை டாக்டர். தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். "இத வச்சிருக்கவே கூடாது, தெரியுமில்ல டீச்சர்? வெந்நி பாட்டில்ல ரொப்பி, துணி சுத்தி அடியில வைங்க. தீனி ஒண்ணும் வேணாம்." வெந்நீர் பாட்டில்! வீட்டில் கேஸ் இருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை.

"வேற எதாச்சும் உள்ள போயிருக்கா? பால் கீல் எதுனா?"

"சயின்ஸ் டீச்சர் சார் நான்."

"சாரி சாரி, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லியிருந்தால் மருந்து கொடுத்திருப்பார். என் மானம் பெரிதாகப் போய்விட்டது.

19 ஜனவரி

கரன்ட் வந்தது. ஓடிப்போய் பல்பைப் போட்டேன். மண்ணு அசையவில்லை.

20 ஜனவரி

வேண்டாம் என்றேன். கேட்காமல் செம்பியன் வேலைக்குப் போகும்போது மண்ணுவைக் கலியமூர்த்தியிடம் எடுத்துக்கொண்டு போனார். எதனால் செத்தது என்று தெரிந்தால் உனக்கு மனசு ஆறும் என்கிறார்.

21 ஜனவரி

"நுரையீரல் பூரா பாலாம். வாயப் புடிச்சு ஊத்துனாத்தான் அப்புடிப் போகுமாம். 'டீச்சர் செஞ்சிருக்க மாட்டாங்க, வேலைக்கு வர்ற ஆளு யாராச்சும் பக்தியில ஊத்தியிருக்கும்'னு கலியமூர்த்தி சொல்றாரு. முத்தம்மாதான?"

செம்பியன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்" என்றேன்.

22 ஜனவரி

காலையில் முத்தம்மாள் வந்ததும் செம்பியன் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பால் ஊற்றிக் கொன்றுவிட்டாய், இனி வராதே என்று சொன்னது எனக்குக் கேட்டது. அவள் மெதுவாக என்னவோ சொன்னாள், அது கேட்கவில்லை. நான் சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். கழுவுவதற்கு ஒரு பாத்திரமும் இல்லை.

எனக்கு வெட்கமே இல்லையா?

3 பிப்ரவரி

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அவருக்குத் தலைவலி. நல்ல சாக்கு.

17 பிப்ரவரி

செம்பியன் போன பிறகு முத்தம்மாள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். இளைத்திருக்கிறாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அது சாப்புடாம கெடந்துச்சுல்ல? அப்ப எங்க தெரு புத்துல பால் ஊத்தி வேண்டிக்கிட்டேன். மருமவ புள்ளைக்கு வாங்கி வச்சிருந்ததுல கொஞ்சம் எடுத்துக்கிட்டுப் போயி ஊத்துனேன். அதான் இதுக்கு வவுத்துல எறங்கிடிச்சா? சார் பாலுன்னு சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லம்மா."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"முத்தம்மா, நான்தான் ஊத்துனேன். வாயப் புடிச்சி, என் கையால. நீ ஒண்ணும் செய்யல."

என்னையே பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க படிச்சவங்க. பாம்பு பால் குடிக்காதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவங்க. எனக்காவ ஏம்மா பொய் சொல்றீங்க?"

"பொய் இல்ல முத்தம்மா…"

"நல்ல மனசும்மா ஒங்களுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வா என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் செம்பியனிடம், "பாவம், தெரியாம செஞ்சிட்டா, வரட்டும்" என்றேன். சரி என்றார்.

20 பிப்ரவரி, திங்கள்

முத்தம்மாள் வந்துவிட்டாள். வாசல் பெருக்கும்போது பக்கத்து வீட்டு லோகநாயகியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க டீச்சர் மாதிரி மனசு யாருக்கு வரும்? தப்பு பண்ணுனது நானு. தான் பண்ணுனதா சொன்னாங்க தெரியுமா?"

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வெளியே போகவில்லை.